மெழுகுச் சுவர்

தயிர்சாதத்துக்கு டிபி என்று சொன்னால் யாராவது நம்புவார்களா? ரெனிட்டா தன் இரண்டு கண்ணாலும் பார்த்தாள். தொண்ணூற்றெட்டாம் வருஷம், ஆற்காட்டில், டாக்டர் மக்பூல் அகமதுவின் கிளினிக்கில், பட்டப்பகலில். சிரிப்பு வருகிறதல்லவா? அவளுக்கும் ஒரு கணம் வந்தது. அடுத்த கணமே, ஐயோ லுப்னா என்று அந்தச் சிரிப்பு ஓடிப்போயிற்று.

முதலிலிருந்து சொன்னால்தான் விளங்கும்.

ரெனிட்டா அந்த கிளினிக்கின் லேப் டெக்னீஷியன். லேப் என்றதும் பெரிதாக எதையோ நினைத்துக்கொள்ள வேண்டாம். மருந்துக் கவுன்டருக்குப் பின்னால் ஓர் அறை. ஒரு மைக்ராஸ்கோப், ஒரு ஸ்பிரிட் விளக்கு, ஒரு ஸிங்க், தண்ணீருக்கு மூலையில் ஒரு நீல டிரம், அவ்வளவுதான். ஆனால் அந்த அறைக்குள் டாக்டரே குரல் கொடுத்துவிட்டுத்தான் வருவார். அவள் கோபம் அப்படி, கைச்சுத்தமும் அப்படி. ரெனிட்டா பார்த்துச் சொன்னால் சொன்னதுதான் என்று ராணிப்பேட்டை வரைக்கும் பேர். அந்தப் பேரைக் கேட்டு உள்ளுக்குள் பூரித்துப்போவாள், வெளியே முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொள்வாள்.

இந்தப் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. சளி டெஸ்டுக்கு மட்டும் யாரும் சொந்த ஊரில் போக மாட்டார்கள். ஆம்பூர்க்காரர் ஆற்காட்டுக்கு வருவார், ஆற்காட்டுக்காரர் வாணியம்பாடிக்கு பஸ் ஏறுவார். டிபி என்று தெருவில் ஒரு பேச்சு கிளம்பிவிட்டால் போதும், அந்த வீட்டில் பெண் எடுக்கவும் மாட்டார்கள், பெண் கொடுக்கவும் மாட்டார்கள். இதில் அந்த மதம் இந்த மதம் என்ற வித்தியாசமெல்லாம் கிடையாது. ரெனிட்டாவின் அறைக்கு வெளியே கிடந்த பெஞ்சில் எப்போதும் வெளியூர் முகங்கள்தான், அவையும் பாதி மூடிய முகங்கள்.

அப்படி மேல்விஷாரத்திலிருந்து வந்தவள் லுப்னா. கூட அவள் அம்மா அக்தரி பேகம். இடுப்பில் ஐந்து மாதக் கைக்குழந்தை ரியாஸ், பொக்கைவாய்ச் சிரிப்பும் கொழுகொழு கன்னமுமாக. லுப்னாவின் புருஷன் பதனிடாத பச்சைத்தோல் வாங்குகிற வேலையாகக் கான்பூர் போய் உட்கார்ந்திருந்தான். மழைக்காலத்தில் பிடித்த இருமல் பனிக்காலம் வந்தும் அவளை விடவில்லை. எக்ஸ்ரேயில் சந்தேகப்படும்படி ஒன்றுமில்லை, இருந்தாலும் சளியைப் பார்த்துவிடுவோம் என்றார் டாக்டர்.

ரெனிட்டா பார்த்தாள். சளியைக் கண்ணாடியில் தேய்த்து, சிவப்புச் சாயத்தை ஊற்றி, அடியில் விளக்கைக் காட்டி ஆவி பறக்கும்வரை சூடாக்கி, கழுவி, அமிலம் விட்டு, மறுபடி கழுவி, கடைசியாக நீலச் சாயம் விட்டு, அதையும் கழுவி மைக்ராஸ்கோப்பில் வைத்தால், நீலத்துக்கு நடுவே சிவப்புச் சிவப்பாகக் குச்சிகள். டிபி கிருமிதான். மறுநாள் சளியிலும் அதே குச்சிகள், அதற்கடுத்த நாளும் அதே. சந்தேகத்துக்கே இடமில்லை.

"யா அல்லா! என் வூட்ல யாருக்குமே இது கெடையாதே டாக்டர்," என்று அக்தரி பேகம் தலையில் அடித்துக்கொண்டாள்.

லுப்னா அழவில்லை. பெண் கெட்டிக்காரி. "பால் குடுக்கலாமா டாக்டர்?" என்று முதல் கேள்வி. "தாராளமா. வாயில துணி கட்டிக்கினு குடு. கொழந்தைக்கும் ஒரு மருந்து எழுதறேன், விடாம குடுக்கணும்," என்றார் அவர். "இவ்ளோ மாத்திரை கிருமியக் கொல்லும்னா, என்னையும் சேர்த்துக் கொல்லாதா?" என்பது இரண்டாவது கேள்வி.

டாக்டருக்கு இப்படிக் கேட்டால் பிடிக்கும். நாற்காலியை முன்னுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டார். "செடி, காளான், கிருமி, இதுங்களுக்கெல்லாம் ஒவ்வொரு செல்லச் சுத்தியும் ஒரு சுவர் இருக்கும்மா. வெங்காயத்தை உரிச்சா உள்ளார ஒரு தோல் வருதே, கண்ணாடி மாதிரி வெறைச்சிக்கினு, அந்த வெறைப்பே சுவர் இருக்கறதாலதான். நம்ம உடம்பு செல்லுக்குச் சுவர் கெடையாது, மெல்லிசா ஒரு சவ்வுதான். இந்த டிபி கிருமி இருக்கே, இது பலே ஆளு. சுவத்துல கனமா மெழுகு பூசிக்கினு உக்காந்திருக்கும். சாயம் ஒருவாட்டி உள்ள போய்ட்டா, அமிலத்தை ஊத்தினாலும் வெளிய வராது. அப்டித்தான் ரெனிட்டா அதைக் கண்டுபிடிக்கறா. இந்த மாத்திரைல ஒண்ணு அந்த மெழுகுச் சுவரைக் கட்டவே விடாது. உனக்குத்தான் சுவரே இல்லியே, உன்னை இன்னா பண்ணும்?"

லுப்னா சமாதானமாகித் தலையாட்டினாள். ஆனால் புகுந்த வீட்டில் சமாதானம் ஆவார்களா? மூன்றாம் நாள் அக்தரி பேகம் மட்டும் மாத்திரை வாங்க வந்தாள். சேதி தெரிந்த அன்றைக்கே லுப்னாவின் மூத்த நாத்தனார் வந்து குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாளாம். லுப்னாவின் புருஷனைத் தாய்போல வளர்த்தவளாம் அந்த அம்மா, அவள் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாதாம்.

"டாக்டர்தான் பால் குடுக்கலாம்னாரே! நீங்க சொல்லலியா?" என்று ரெனிட்டா சீறினாள்.

"சொன்னேனே. எங்க காதுல வாங்குனா? வம்சத்துக்கு இருக்கறது ஒரே புள்ள, உன் பொண்ணு வாய்ல கட்டற துணிய நம்பி உட்ருவனான்னு கேட்டா. நான் இன்னா பதில் சொல்வேன்?" அக்தரி பேகம் முந்தானையால் மூக்கைச் சிந்தினாள். "பால் கட்டிக்கினு ராவெல்லாம் துடிக்கறா. மல்லிப்பூ வெச்சிக் கட்டியிருக்கேன், வத்தட்டும்னு."

பால் வற்ற மார்பில் மல்லிகைப்பூ வைத்துக் கட்டுவார்கள். குழந்தை செத்துப் பிறந்த வீடுகளில்தான் ரெனிட்டா அதைப் பார்த்திருக்கிறாள். அன்றைக்கு முழுக்க அவளுக்கு எதைத் தொட்டாலும் எரிச்சலாக வந்தது. மருந்துக் கடைப் பையன் ஏதோ கேட்டதற்கு எரிந்து விழுந்தாள்.

அந்த வாரம் லுப்னா மட்டுமில்லை. ஓர் ஆட்டோ டிரைவர், பீடி சுற்றுகிற ஓர் அம்மா, ஆம்பூரிலிருந்து சர்தார் பாஷா என்று ஒரு பெரியவர், எல்லாருக்குமே சிவப்பு. லுப்னாவுக்கு முடிவு சொன்ன அதே நாள் காலையில்தான் சர்தார் பாஷாவும் தன் முடிவைக் கேட்க வந்திருந்தார். ஷூ கம்பெனியில் காலமெல்லாம் தோல் வெட்டிவிட்டு இப்போது வீட்டோடு இருப்பவர். வெள்ளைத் தாடி, இஸ்திரி போட்ட ஜிப்பா, பேச்சில் அப்படியொரு மரியாதை. முடிவைச் சொன்னதும் அவர் முகம் சுண்டிப்போயிற்று.

"பொண்ணுக்கு நிக்காஹ் பேசியிருக்கும்மா. இது வெளிய தெரிஞ்சா முடிஞ்சிது கதை. சம்சாரத்துக்குக்கூடத் தெரியக் கூடாது. மாத்திரைய இந்த டப்பாவுல போட்டுக் குடுங்க," என்று சத்து மாத்திரை டப்பா ஒன்றைப் பையிலிருந்து எடுத்து நீட்டினார்.

"வூட்ல சின்னப் பசங்க யாராவது இருக்காங்களா பாய்?"

"யாரும் இல்லம்மா. நானு, அவ, பொண்ணு. எல்லாம் பெரியவங்க."

"அப்ப சரி. தனியாப் படுங்க, இருமும்போது வாயை மூடிக்கோங்க. நான் யார்கிட்டயும் மூச்சுவிட மாட்டேன்," என்று ரெனிட்டா வாக்குக் கொடுத்தாள். கொடுத்த வாக்கைக் காப்பாற்றுகிறவள்தான் அவள்.

"இந்த மாசம் ரொம்ப ஜாஸ்தியா இருக்கே ரெனிட்டா?" என்று டாக்டர் ஒருநாள் மெதுவாக இழுத்தார்.

"இருக்கறதைத்தானே டாக்டர் சொல்றேன்? கம்மியா வேணும்னா வேற ஆளைப் பாருங்க," என்றாள் அவள். அவர் தன் அறைக்குத் திரும்பிப் போய்விட்டார்.

அடுத்த வாரம் ரெனிட்டாவுக்கே இருமல் வந்தது. பனிதான், வேறொன்றுமில்லை என்று நாலு நாள் ஓட்டினாள். ஐந்தாம் நாள் மனசு கேட்காமல் தன் சளியையே கண்ணாடியில் தேய்த்தாள். சாயம் போட்டாள், கழுவினாள், குனிந்து பார்த்தாள்.

சிவப்புக் குச்சிகள்.

மைக்ராஸ்கோப்பை விட்டுக் கண்ணை எடுக்க முடியவில்லை, எடுத்தால் உண்மையாகிவிடும்போல இருந்தது. வீட்டில் மகள் அக்சா, ஆறு வயசு, ராத்திரியெல்லாம் அம்மா கழுத்தைக் கட்டிக்கொண்டு மூச்சோடு மூச்சாகத்தான் தூங்குவாள். புருஷன் டைட்டஸ் அவள் குடித்த டம்ளரிலேயே மிச்சத் தண்ணீரைக் குடிப்பவன். கர்த்தரே, கர்த்தரே என்று வாய் முணுமுணுத்தது. அவளையும் யாராவது மகளிடமிருந்து பிரிப்பார்களா? மாமியார் பிரிப்பாள், சந்தேகமே வேண்டாம். துணி கட்டிக்கொண்டால் ஒன்றும் ஆகாது என்று ஊருக்கெல்லாம் சொன்ன வாய் இது. இப்போது அக்சாவைக் கிட்டே சேர்க்கவே பயமாக இருந்தது.

அழுகை வந்தது. அழுதுகொண்டேதான் மறுபடி குனிந்தாள். அப்போது ஒன்று கண்ணில் பட்டது. குச்சிகள் சளிக்கு நடுவில் மட்டும் இல்லை. சளியே படாத ஓரத்தில், வெறும் கண்ணாடியிலும் கொத்தாகக் கிடந்தன. அவளுடைய நெஞ்சிலிருந்து வந்தவை அங்கே எப்படிப் போய் உட்காரும்?

மேஜையில் மதியச் சாப்பாடு திறக்காமல் கிடந்தது. டப்பாவைத் திறந்தாள், விரலால் தயிர்சாதத்தைத் தொட்டுப் புதுக் கண்ணாடியில் தேய்த்தாள். பைத்தியக்காரத்தனம்தான். ஆனால் தயிரைப் பற்றி அவளுக்கு நன்றாகத் தெரியும். தயிரிலும் கிருமி உண்டு, அதற்கும் சுவர் உண்டு, ஆனால் அந்தச் சுவரில் மெழுகு கிடையாது. சிவப்புச் சாயம் ஏறும், அமிலம் பட்டதும் ஓடிவிடும், பிறகு நீலத்தைத்தான் பிடித்துக்கொள்ளும். ஆக, தயிரில் ஒரு குச்சிகூடச் சிவப்பாக இருக்க முடியாது.

இருந்தன. நீல நீலமாகத் தயிர்க் கிருமிகள், அவற்றின் நடுவில் சிவப்புக் குச்சிகள், கொத்துக் கொத்தாக.

வாயில் கையை வைத்துக்கொண்டாள். அடுத்து எதுவுமே தேய்க்காத வெற்றுக் கண்ணாடி ஒன்றுக்குச் சாயம் போட்டாள். அதிலும் சிவப்பு. டிரம்மிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீரை எடுத்துக் காயவைத்துச் சாயம் போட்டாள். அதில் சொல்லவே வேண்டாம், திருவிழாக் கூட்டம்.

டிரம்! அதை வாங்கிவந்ததே அவள்தான். பாலாற்றுக் கரையில் தண்ணீர்ப் பஞ்சம் புதிதில்லை. போர் போட்டால் உப்பும் கலருமாக வரும், நல்ல தண்ணீர் குழாயில் வரும்போது பிடித்து வைத்தால்தான் உண்டு. பிடித்து வைக்க எல்லார் வீட்டிலும் ஒரே சாமான்தான், தோல் ஷாப் என்று சொல்கிற பதனிடும் ஆலைகளுக்கு மருந்தும் எண்ணெயும் வந்து காலியான பிளாஸ்டிக் டிரம். ரோட்டோரத்தில் அடுக்கி வைத்து விற்பார்கள். சமீபத்தில் லேப் தொட்டி விரிசல் விட்டதும் ரெனிட்டாவும் ஒன்று வாங்கினாள், தோலை மெதுவாக்குகிற எண்ணெய் வந்த டிரம். சோப்புப் போட்டு மூன்று முறை தேய்த்தாள், பிளீச்சிங் பவுடரும் கொட்டினாள். சுத்தமாகிவிட்டது என்று நினைத்தாள். இந்தப் பக்கத்தில் யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள்.

இப்போது கையை உள்ளே விட்டு அடிப்பக்கத்தைத் தடவினாள். வழவழவென்று பாசிபோல ஏதோ விரலில் வந்தது.

டாக்டர் மைக்ராஸ்கோப்பிலிருந்து நிமிர்ந்தபோது அவர் முகத்தில் ரத்தமே இல்லை. "இது டிபி கிருமிக்கு தூரத்துச் சொந்தம் ரெனிட்டா. தண்ணிலயே கெடக்கும், யாரையும் ஒண்ணும் பண்ணாது. ஆனா சுவர் அதே சுவர், அதே மெழுகு. பிளீச்சிங் அதுக்குள்ள எறங்காது. எண்ணெப் பசை வேற இருந்தா கேக்கவே வேணாம்." பேச்சை நிறுத்திவிட்டு இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டார். "அப்ப நாம மருந்து குடுத்தவங்க?"

அதைத்தான் பார்க்க வேண்டும். ரெனிட்டாவுக்கு ஒரு பழக்கம் இருந்தது. ஒவ்வொரு நாள் சளியிலும் ஒரு கண்ணாடி கூடுதலாகத் தேய்த்து, சூட்டில் காயவைத்து, சாயம் போடாமல் எடுத்து வைப்பாள். அந்தக் கண்ணாடிகளை எல்லாம் வெளியே எடுத்தாள். பழைய சாயத்தைக் கீழே கொட்டினாள். ஊசி மருந்து கலக்குகிற சுத்தத் தண்ணீர் பாட்டில்களை உடைத்து, அதிலேயே புதுச் சாயம் கலக்கி, அதிலேயே கழுவினாள். ஒவ்வொன்றாக இருவரும் மாறி மாறிப் பார்த்தார்கள்.

ஆட்டோ டிரைவர், நீலம். பீடி சுற்றுகிற அம்மா, நீலம். ரெனிட்டா, நீலம். அப்பாடா என்றுகூட அவளுக்குச் சொல்லத் தோன்றவில்லை. லுப்னாவின் மூன்று கண்ணாடியும் நீலம், ஒரு சிவப்புப் புள்ளிகூட இல்லை.

சர்தார் பாஷாவின் கண்ணாடி மட்டும் நீலமாகவில்லை. சளிக்கு உள்ளே, செல்களுக்கு நடுவில், எண்ண முடியாத அளவுக்குச் சிவப்பு. அந்த ஒருவருக்கு மட்டும் நிஜமாகவே டிபி.

"அவர் மாத்திரை சாப்புட்டுத்தான் ஆகணும்," என்றார் டாக்டர். "மத்தவங்களை நாளைக்குக் கூப்ட்டு பொறுமையா எடுத்துச் சொல்லலாம். பேர் கெட்டுப்போகாம பாத்துக்கணும் இல்ல?"

"நாளைக்கா? புள்ளைய பிரிச்சி வெச்சிட்டு நாளைக்கா?" ரெனிட்டா கத்தியே விட்டாள். வெளியே பெஞ்சிலிருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். "என் பேர்தானே கெடும், கெட்டுப்போவட்டும்!" செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

மேல்விஷாரத்தில் அந்த வீட்டுக் கதவு திறந்ததும் மல்லிகை வாசனைதான் முதலில் வந்தது. லுப்னா சுவரோரமாகக் குறுகி உட்கார்ந்திருந்தாள். அந்த மாத்திரை கண்ணீரைக்கூட ஆரஞ்சுக் கலராக்கிவிடும், அவள் வெள்ளைத் துப்பட்டாவில் அங்கங்கே அந்தக் கறை. ரெனிட்டா நின்ற வாக்கிலேயே சொன்னாள். டிரம், தண்ணீர், தயிர்சாதம், எதையும் மறைக்கவில்லை. "உனக்கு ஒண்ணும் இல்ல கண்ணு. எப்பவுமே இருந்ததில்ல. தப்பு என்னுது."

பிறகு அக்தரி பேகம் எழுந்து வந்தாள்.

"உன் மூஞ்சில நான் இன்னா பண்றது, சொல்லு! தண்ணில இருந்ததைக் கொண்டாந்து என் பொண்ணு நெஞ்சுல வெச்சியே! அவ மார்ல பூவ வெச்சிக் கட்டினனே, இந்தக் கையாலயே கட்டினனே!"

ரெனிட்டா தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டாள். வேறென்ன செய்வாள்? லுப்னாதான் அம்மாவைப் பிடித்து இழுத்தாள். அவள் அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. ரவிக்கைக்குள் கையை விட்டு வாடிய பூவையெல்லாம் பிடுங்கித் தரையில் எறிந்தாள். "அக்கா, நீ வா. நீயே வந்து அவங்ககிட்ட சொல்லு. நாங்க சொன்னா எங்க நாத்தனா நம்ப மாட்டாங்க. இப்பவே போலாம், வா," என்று ரெனிட்டாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்தக் கையில் அவ்வளவு சூடு.

தெருமுனையில் வாடகைக் கார் ஒன்று கிடைத்தது. மூன்று பேரும் ஏறினார்கள். வேலூரைத் தாண்டுகிற வரைக்கும் அக்தரி பேகம் முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்தாள். அப்புறம், பாவம், அவளுக்கும் சந்தோஷத்தை அடக்க முடியவில்லை, கோபத்தை மறந்து பேச ஆரம்பித்துவிட்டாள்.

"ஆம்பூர்ல புள்ளைக்குக் கொறை ஒண்ணும் இல்ல, அதையும் சொல்லணும். இவ நாத்தனா சுகரா பேகம் வாய்தான் நீளம், மனசு நல்ல மனசு. அவ வூட்டுக்காரரு இருக்காரே, தங்கம். ரிடைராகி வூட்டோட இருக்காரா, புள்ளைய நெஞ்சுல இருந்து எறக்கறதே இல்லியாம். ராவானா அவர் நெஞ்சு மேல போட்டாத்தான் தூங்குதாம்."

ரெனிட்டாவுக்கு எதுவோ இடித்தது. "அவர் ஷூ கம்பெனியிலயா இருந்தார்?"

"ஆமா, தோல் வெட்டறவரு. உனக்கு எப்டித் தெரியும்? சர்தார் பாஷான்னா ஆம்பூர்ல எல்லாருக்கும் தெரியும்."

கார் ஓடிக்கொண்டிருந்தது. ரெனிட்டாவுக்குக் காது அடைத்துப்போயிற்று. அக்தரி பேகத்தின் வாய் அசைவது தெரிந்தது, பேச்சு கேட்கவில்லை. நோயே இல்லாத தாயிடமிருந்து பிடுங்கி, அத்தனை பேரில் நிஜமாகவே நோய் இருந்த ஒரே ஒருவரின் நெஞ்சில் கொண்டுபோய்க் குழந்தையைப் போட்டது யார்? நாத்தனாரா? இல்லை. ரெனிட்டா போட்ட சிவப்பு.

"அக்கா, ஏன் இப்டி வேர்க்குது உனக்கு?" என்றாள் லுப்னா, துப்பட்டாவால் அவள் நெற்றியைத் துடைத்துவிட்டபடி. சொல்லிவிடலாமா? சொன்னால் அந்தப் பெரியவரின் பெண் கல்யாணம் போச்சு. யாரிடமும் மூச்சுவிட மாட்டேன் என்று சொன்ன வாய். சொல்லாவிட்டால்? ஆம்பூர் வரும்வரை அவளால் வாயைத் திறக்க முடியவில்லை.

கதவைத் திறந்தது சுகரா பேகம்தான். நல்ல ஆகிருதி, அதட்டலான குரல். லுப்னாவைப் பார்த்ததும் கதவை மறித்துக்கொண்டு நின்றாள். ரெனிட்டா முன்னால் வந்து தான் யார் என்று சொல்லி, நடந்ததைச் சொன்னாள். சுகரா பேகத்தின் முகம் கொஞ்சம் கொஞ்சமாக மாறியது.

"நெஜமாவா? ஒண்ணும் இல்லியா இவளுக்கு?" அந்த அதட்டல் குரல் உடைந்துவிட்டது. லுப்னாவை இழுத்துக் கட்டிக்கொண்டாள். "அல்லா காப்பாத்தினான். என்னை மன்னிச்சிரு கண்ணு, புள்ள மேல இருந்த ஆசைல செஞ்சிட்டேன்."

"டாக்டர் கொழந்தைக்கு எழுதின மருந்து? குடுக்கறீங்க இல்ல?" ரெனிட்டாவின் குரல் அவளுக்கே அடையாளம் தெரியவில்லை.

"அது எதுக்கும்மா? நோய் இருக்கற எடத்துலேர்ந்துதான் தூக்கியாந்துட்டமே. குடிச்சா கக்குது, பேஜாரு. அன்னிக்கே தூக்கிப் போட்டுட்டேன்."

உள்ளே கூடத்தில் கட்டிலில் சர்தார் பாஷா சாய்ந்திருந்தார். போன முறை பார்த்ததைவிட இளைத்துப்போயிருந்தார். நெஞ்சின் மேல் குப்புறப் படுத்து ரியாஸ் தூங்கிக்கொண்டிருந்தான், வாய் அவர் தாடிக்குள் புதைந்திருந்தது. ஆள் அரவம் கேட்டுக் கண்ணைத் திறந்தவர் முதலில் லுப்னாவைப் பார்த்துச் சிரித்தார். பிறகு அவள் பின்னால் நின்ற ரெனிட்டாவைப் பார்த்தார்.

சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. ரெனிட்டா வாயைத் திறக்கக் கூடாது என்றுதான் நினைத்தாள். நினைத்து என்ன பயன்?

"சின்னப் பசங்க யாரும் இல்லன்னு சொன்னீங்களே பாய்!"

சுகரா பேகம் ரெனிட்டாவையும் புருஷனையும் மாறி மாறிப் பார்த்தாள். "இவங்களை உங்களுக்கு எப்டித் தெரியும்?"

அவர் குழந்தை விழித்துவிடாமல் மெல்ல எழுந்து உட்கார்ந்தார். பொய் சொல்லியிருக்கலாம், அந்த இடத்தில் யாராக இருந்தாலும் ஏதாவது ஒரு பொய் சொல்லியிருப்பார்கள். அவர் சொல்லவில்லை.

"எனக்குத்தான் டிபி சுகரா. ஆற்காட்டுல பார்த்தாங்க. மாத்திரை சாப்புட்டுட்டிருக்கேன்." பிறகு ரெனிட்டா பக்கம் திரும்பினார். "நான் உங்ககிட்ட பொய் சொல்லலம்மா. அன்னிக்குக் காலையில நீங்க கேட்டப்போ யாரும் இல்ல. சாயங்காலம் வூட்டுக்கு வந்தா, அவ இவனைத் தூக்கியாந்து என் மடியில போட்டு, டிபி இருக்கற எடத்துலேர்ந்து காப்பாத்திக் கொண்டாந்துட்டேங்கறா."

"அப்பவே சொல்லியிருக்கலாமே!" என்று அலறினாள் அக்தரி பேகம். "எங்கிட்ட குடுக்காதன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!"

"எப்டிம்மா சொல்வேன்? புள்ளைய வேணாம்னு சொன்னா, ஏன்னு கேப்பாங்களே," என்றார் சர்தார் பாஷா.

உள்ளறைக் கதவோரத்தில் கல்யாணம் பேசிவைத்த அந்தப் பெண் நின்றுகொண்டிருந்தாள், எல்லாவற்றையும் கேட்டுவிட்டாள் என்று அவள் முகமே சொன்னது. சுகரா பேகம் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். மருந்து இருக்கிறது, குழந்தைக்கு இன்றைக்கே ஆரம்பித்துவிடலாம், ஒன்றும் ஆகாது என்று ரெனிட்டா சொல்லத் தொடங்கினாள். ஒன்றும் ஆகாதா என்பது அவளுக்கே தெரியாது. பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

லுப்னாதான் முதலில் நகர்ந்தாள். கட்டிலுக்குப் போய், சர்தார் பாஷாவின் நெஞ்சிலிருந்து குழந்தையை எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டாள். தூக்கம் கலைந்த ரியாஸ் கண்ணைத் திறந்து அவள் முகத்தையே பார்த்தான். உதடு பிதுங்கியது. வீடே அதிரும்படி வீறிட்டு அழ ஆரம்பித்தான். அவள் தோளில் போட்டுத் தட்டினாள், முத்தம் கொடுத்தாள், அம்மாடா அம்மாடா என்று கெஞ்சினாள். அவன் உடம்பை வில்லாக வளைத்துக்கொண்டு, இரண்டு கைகளையும் நீட்டி, கட்டிலில் இருந்த கிழவரிடம் தாவினான்.

சர்தார் பாஷா எழுந்து சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றார். இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.